தையல்காரம்மா கதையின் கடைசிப் பதினாறு பக்கங்கள்

மலருக்கும் குமரனுக்கும் அப்பா எழுதுவது.

மலர் வாங்கிக் கொடுத்த துப்பறியும் நாவலைப் படித்து முடித்துவிட்டேன். ஒரு சின்ன ஊர். அதில் பேக்கரி நடத்தும் ஒரு பெண்மணி. போலீஸ்காரர் கண்ணில் படாதது எல்லாம் அந்த அம்மா கண்ணில் படுகிறது. கடைசியில் எல்லாரையும் உட்கார வைத்து, குற்றவாளி இன்னார்தான் என்று சொல்கிறார். மூன்று நாளில் முடித்தேன். "எப்படிப்பா இருந்துச்சு?" என்று மலர் கேட்டாள். "நல்லா இருந்துச்சும்மா" என்றேன். "அவ்ளோதானா? முப்பது வருஷம் புஸ்தகத்தோடயே இருந்த ஆளு, அவ்ளோதானா?" என்றாள். குமரன் உடனே, "அக்கா, அப்பா புக்கை அடுக்கினவரு, படிச்சவரு இல்ல" என்றான். சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

குமரன் சொன்னது பாதி சரி. புத்தகம் அடுக்குவதுதான் என் வேலை. ஆனால் அடுக்க வேண்டிய நேரத்தில் ஒரு தடவை படித்துவிட்டேன். அதனால் ஒரு அம்மாவுக்கு வேலை போக இருந்தது. மலர் கொடுத்த நாவலைப் படித்தபோது மூன்று நாளும் அந்த அம்மாதான் ஞாபகத்தில் இருந்தார். போனில் சொல்லியிருந்தால் சரியாக வந்திருக்காது. அதனால் எழுதுகிறேன்.

பத்தாவது முடித்து, இரண்டு வருடம் அங்கே இங்கே சுற்றிவிட்டு, நம்ம ஊர் கிளை நூலகத்தில் தற்காலிக உதவியாளராகச் சேர்ந்தேன். அந்த ஆரம்ப காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பெருக்கினேன், தூசி தட்டினேன், பேப்பரைக் கம்பியில் மாட்டினேன், புத்தகத்தின் முதுகில் எண் எழுதினேன், தேதிச் சீட்டு ஒட்டினேன். பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் படிக்க வருகிறவர்களைவிட மலை சுற்றிவிட்டு வந்து கால் நீட்டுகிறவர்கள்தான் ஜாஸ்தி. அவர்களைக் கோபப்படாமல் எழுப்பக் கற்றுக்கொண்டேன். பயிற்சி என்றால் அதுதான் பயிற்சி.

எங்கள் நூலகர் அப்பாண்டை சார். போளூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தலைமுறை தலைமுறையாக நெல் விளைவிக்கும் ஜைனக் குடும்பம். பொழுது சாய்ந்தபின் சாப்பிடமாட்டார். அதனால் மாலையில் வெளிச்சம் இருக்கும்போதே டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பின் அறைக்குப் போய்விடுவார். மார்கழியில் சீக்கிரம் போவார், சித்திரையில் கொஞ்சம் தாமதமாகப் போவார். அதற்கு அவர் கடிகாரம் பார்த்ததில்லை, ஜன்னலைத்தான் பார்ப்பார். அந்த இருபது நிமிடமும் கவுண்டர் என் பொறுப்பு.

புத்தகத்தில் எறும்பு ஏறியிருந்தால் சார் தட்டமாட்டார். வாசலுக்கு எடுத்துப் போய் ஊதி ஊதி இறக்கிவிட்டுத்தான் உள்ளே கொண்டுவருவார். ஆனால் நூலகத்தில் இருந்த கொலைக் கதை ஒன்றைக்கூட அவர் விட்டுவைத்ததில்லை. ஒருநாள் துணிந்து கேட்டேன், "சார், நீங்க போய் இதெல்லாம் படிக்கிறீங்களே?" என்று. "செய்றதுதான்பா பாவம். படிக்கிறதுல யாருக்கு என்னா சேதம்?" என்றார்.

அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். "வேலு, இங்க வா" என்றால் ஒன்றுமில்லை. "வேலு, கொஞ்சம் வாங்க" என்றால் ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று அர்த்தம்.

வருடத்துக்கு ஒரு முறை, அட்டை பிய்ந்த, தையல் விட்ட புத்தகங்களைக் கட்டாகக் கட்டி பைண்டிங்குக்கு அனுப்புவோம். திரும்பி வந்தால் நேராக அலமாரிக்குப் போகக் கூடாது. முதலில் புத்தகத்தின் பதிவு எண்ணைப் பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பக்கமாகத் தள்ளி, எண் விடாமல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதன்பின் நோட்டில் அந்தப் புத்தகத்தின் பேருக்கு எதிரே 'பக்கங்கள் சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இதில் சார் கண்டிப்பாகச் சொல்வது ஒன்று உண்டு. "பின்னாலருந்து எண்ணுப்பா. கடைசிப் பக்கத்துல ஆரம்பிச்சு மொதப் பக்கத்துக்கு வா. முன்னாலருந்து எண்ணினா கதைக்குள்ள விழுந்துடுவ."

விழுந்தேன்.

அந்தக் கட்டில் நாற்பது புத்தகங்கள் இருந்தன. அதில் ஒன்றுக்கு எங்கள் வாசகர்கள் வைத்த பேர் தையல்காரம்மா கதை. பலர் படித்துப் படித்துத் தையல் விட்டுப்போன புத்தகம். அட்டையில் கழுத்தில் இஞ்ச் டேப் போட்ட ஒரு அம்மா படம் இருக்கும். அன்று அதைப் பின்னாலிருந்துதான் எடுத்திருக்க வேண்டும். அட்டையைப் பார்த்தேன், சும்மா முதல் பக்கத்தைத் திருப்பினேன்.

மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். ரைஸ் மில் முதலாளி காலை காபியைக் குடித்துவிட்டுச் செத்துப்போகிறார். காபியில் பூச்சி மருந்து. அந்த வீட்டில் வேலை செய்யும் ஒரு பெண்தான் முதலில் பார்த்து ஊரைக் கூட்டுகிறாள். ஊரில் உள்ள எல்லாருக்கும் துணி தைத்துக் கொடுக்கும் தையல்காரம்மா துக்கத்துக்கு வருகிறார். அவருக்குத் துப்பாக்கி கிடையாது, ஜீப் கிடையாது. யாருடைய தோள் எவ்வளவு இறங்கியிருக்கும், யார் இந்த வருடம் இளைத்துவிட்டார்கள் என்பது மட்டும் தெரியும். கிணற்றுப் படியில் கிடந்த ஒரு பொத்தானை எடுத்து முந்தானையில் முடிந்துகொள்கிறார்.

எனக்கு அது கதையாகவே தோன்றவில்லை. நம்ம தேரடித் தெருவில் நடப்பது மாதிரி இருந்தது. அறுபது பக்கம் போனதே தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தால் கவுண்டரில் ஐந்தாறு பேர் நிற்கிறார்கள். சார் டிபன் பாக்ஸோடு எழுந்துவிட்டார். அவசரமாக அந்தப் புத்தகத்துக்கு எதிரே 'பக்கங்கள் சரி' என்று எழுதினேன். கட்டில் மீதி ஏழு புத்தகங்கள் இருந்தன. அவற்றுக்கும் அதே கையோடு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஏழையும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

தையல்காரம்மாவை நானே வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று தனியாக வைத்தேன். அதற்குள் பூங்காவனம் அக்கா அதைப் பார்த்துவிட்டார்.

"தம்பி, அது குடுங்க. ஆறு மாசமா கேட்டுக்கினு இருக்கேன்."

கொடுக்காமல் இருக்க முடியுமா? கொடுத்தேன். பூங்காவனம் அக்கா ஒரு அச்சகத்தில் காகிதம் மடிக்கிறவர். எட்டாவது வரை படித்தவர். வாரம் ஒரு புத்தகம், அதுவும் துப்பறியும் கதைதான் வேண்டும். அப்போதெல்லாம் உறுப்பினராகச் சேர ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். அவருடைய அச்சக முதலாளிதான் போட்டிருந்தார். "என் பேரைக் கெடுத்துடாத" என்று சொல்லித்தான் போட்டார் என்று அக்காவே ஒருமுறை சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

அந்த ஒரு வாரமும் நான் பொத்தானைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த வேலைக்காரப் பெண் மேல்தான் சந்தேகம். தானே செய்துவிட்டு தானே முதலில் கத்தினால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள் அல்லவா? அப்படியொரு கணக்கு என் மனதில்.

அடுத்த வாரம் அக்கா வந்தார். சார் சாப்பிடப் போயிருந்தார். புத்தகத்தை நான் ஆசையாகக் கை நீட்டி வாங்கினேன்.

"தம்பி, கடைசியில பக்கமே இல்லியே. யாருனு சொல்றதுக்குள்ள நின்னுடுச்சு" என்றார்.

திருப்பிப் பார்த்தேன். நூற்று எழுபத்தாறாம் பக்கத்தில், தையல்காரம்மா எல்லாரையும் கூடத்தில் உட்காரச் சொல்கிறார். அதற்கு மேல் வெறும் அட்டை. எனக்கு வந்த கோபத்தில் பாதி, நூலகத்தின் புத்தகம் கெட்டுவிட்டதே என்பதற்கு. மீதி, கொலைகாரன் யார் என்று தெரியாமல் போயிற்றே என்பதற்கு.

"ஏம்மா, பைண்டிங்லருந்து வந்து நேரா உங்க கைக்குத்தான் போச்சு. நான் எண்ணிப் பாத்து கையெழுத்து போட்டிருக்கேன். வேற யாரு கிழிச்சிருப்பா?"

அதுவரை அக்கா என்று கூப்பிட்ட வாய் அம்மா என்று மாறியது. குரலும் உயர்ந்தது. பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேரும் தலையைத் தூக்கினார்கள்.

"நான் எதுக்கு தம்பி கிழிக்கப் போறேன்? கிழிச்சவ அவளே வந்து பக்கம் இல்லனு சொல்லுவாளா?"

"சொல்லுவாங்க. மொதல்ல சொல்லிட்டா தப்பிச்சுக்கலாம்ல?"

இதைச் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு. நானும் துப்பறிந்துவிட்டேன் என்று. அந்த அக்கா சுற்றி இருந்தவர்களைப் பார்த்தார். கொண்டுவந்த பையை மடித்து இடுக்கிக்கொண்டு, வேறு புத்தகம் எடுக்காமல் போய்விட்டார்.

சார் கை துடைத்துக்கொண்டு வந்தார். சொன்னேன். நோட்டைப் புரட்டி என் கையெழுத்தைப் பார்த்தார்.

"எண்ணினியா?"

"எண்ணினேன் சார்."

"பின்னாலருந்தா?"

"ஆமா சார்."

முதல் பதிலைச் சொன்னபோது, எண்ணினோம் என்றே எனக்கு நினைப்பு. என் கையெழுத்து இருந்ததே! இரண்டாவது பதில் பொய் என்று தெரிந்தேதான் சொன்னேன். சார் நோட்டை மூடி வைத்தார்.

மறுநாள் காலை திறந்தவுடன் பூங்காவனம் அக்கா வந்தார். என்னைப் பார்க்கவில்லை, நேராக சாரிடம் போனார்.

"சார், நேத்து இங்க பேப்பர் படிச்சவரு யாரோ எங்க மொதலாளிகிட்ட சொல்லிட்டாரு. 'நான் ஜாமீன் போட்ட எடத்துல திருட்டுப் பேரு வாங்கினியா'ன்றாரு. சனிக்கிழமைக்குள்ள பேரைச் சரி பண்ணிக்கினு வா, இல்லனா வேலைக்கு வராதனு சொல்லிட்டாரு. ரெண்டு பொம்பளப் புள்ளைங்கள வெச்சிக்கினு நான் எங்க சார் போவேன்? அந்தப் புக்கைக் கொஞ்சம் குடுங்க."

சார் எடுத்துக் கொடுத்தார். அக்கா பையிலிருந்து அச்சடித்த பெரிய தாள் ஒன்றை எடுத்து மேஜையில் விரித்தார். பஞ்சாங்கத்துக்காக அடித்த தாள்.

"இதை நாங்க ஃபாரம்னு சொல்லுவோம் சார். பாருங்க, ஒரு மடிப்பு. ரெண்டு மடிப்பு. மூணு மடிப்பு." நகத்தால் ஓரத்தை அழுத்தி நீவினார். "இப்ப எண்ணுங்க. எட்டு தாள், பதினாறு பக்கம். எந்தப் புக்கா இருந்தாலும் இப்படி மடிச்சு மடிச்சு ஒண்ணுமேல ஒண்ணு வெச்சுத்தான் தைப்பாங்க. இந்தக் கதைப் புக்குல மொத்தம் எத்தினி பக்கம் சார்?"

சார் பதிவேட்டைப் பார்த்தார். "நூத்தித் தொண்ணூத்தி ரெண்டு."

"நிக்கிறது நூத்தி எழுபத்தாறுல. கொறையறது பதினாறு. கோவத்துல கிழிக்கிறவ மூணு கிழிப்பா, ஏழு கிழிப்பா. எண்ணிப் பாத்து பதினாறா சார் கிழிப்பா?" புத்தகத்தின் முதுகை மெல்ல வளைத்துக் காட்டினார். "கிழிச்சிருந்தா தாளோட அடி தையல்ல மாட்டிக்கினு இருக்கணும். பிளேடு போட்டிருந்தாலும் இருக்கணும். ஒரு பிசிறு இருக்கா பாருங்க. இது கிழிஞ்சது இல்ல சார். வைக்காம விட்டது."

சார் கண்ணாடியைக் கழற்றி, மடிப்பையும் முதுகையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"வேலு, கொஞ்சம் வாங்க."

போனேன். அக்கா அங்கேயே நிற்கிறார். "நீங்க எண்ணினீங்களா?" என்றார் சார். இல்லை என்றேன். முன்னாலிருந்து ஆரம்பித்தேன், படித்துவிட்டேன் என்றேன். மீதி ஏழையும் பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட்டேன். நான் நிரந்தரம் ஆகாதவன், அந்த வருடம்தான் நிரந்தரம் செய்வதற்கான பட்டியலில் என் பேர் போக வேண்டும். பிற்பாடு சார் நடந்ததை நடந்தபடி எழுதித்தான் அனுப்பினார். என்னோடு சேர்ந்தவர்களைவிட ஒரு வருடம் தள்ளித்தான் எனக்கு ஆர்டர் வந்தது. ஏன் என்று உங்கள் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. இனிமேல் தெரிந்துவிடும், பரவாயில்லை.

"நான் எழுதிக் குடுத்தா உங்க மொதலாளி ஒத்துக்குவாரா?" என்று சார் அக்காவைக் கேட்டார்.

"அந்த ஆளு கண்ணால பாக்காம ஒத்துக்க மாட்டாரு சார். எங்கனா அந்தப் பதினாறு பக்கம் கெடைச்சா போதும். இதே சைஸ் புக்கா பாருங்க. பைண்டிங்ல பக்கத்துல பக்கத்துல அடுக்கி வெச்சிருப்பாங்க. அதுல ஒண்ணுல போய் உக்காந்திருக்கும்."

அன்றைக்கு நான் முப்பத்தெட்டுப் புத்தகங்களைப் பின்னாலிருந்து எண்ணினேன். ஒன்றிலும் இல்லை. மிச்சம் ஒன்றுதான். 'கத்தரி, வெண்டை சாகுபடி'. நான் திறந்து பார்க்காத ஏழில் ஒன்று. அடி அண்ணாமலை கிராமத்து விவசாயி ஏழுமலை அண்ணன் எடுத்துப் போயிருந்தார். சைக்கிளை எடுத்தேன்.

ஏழுமலை அண்ணன் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "இன்னாபா, தேதி இன்னும் ஒரு வாரம் இருக்கே! அதுக்குள்ள ஆள் உட்டுட்டாங்களா?" என்றார்.

"தேதிக்கு வரலண்ணே. அந்தப் புக்கோட கடைசிப் பக்கத்தை ஒரு தடவ பாக்கணும்."

"ஓ, அந்தப் பொம்பள கதையா?"

"நீங்க பாத்தீங்களாண்ணே?"

"பாக்காம? ரெண்டு தடவ படிச்சேன். பூச்சி மருந்து எப்படி அடிக்கணும்னு சொல்லிக்கினே வந்தான். திடீர்னு ஒரு தையக்காரம்மா எல்லாரையும் கூடத்துல உக்கார வெச்சு, காபில மருந்து கலந்தது யாருனு கேக்குறா. மொதல்ல எனக்கு வெளங்கல. அப்புறம் புரிஞ்சிடுச்சு. மருந்தை வூட்ல கண்ட எடத்துல வெக்கக் கூடாதுன்றதைக் கதையா சொல்றான். நல்லாத்தான் சொல்லியிருக்கான்பா. அன்னிக்கே எங்க வூட்ல இருந்த டப்பாவை எடுத்து மாட்டுக் கொட்டாய்ல ஒசரத்துல வெச்சுட்டேன்."

"ஏண்ணே, நூலகத்துல வந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"இன்னான்னு சொல்றது? புக்கு நல்லா இருக்குதுனா?"

அவர் வீட்டில் புத்தகத்தைப் பிரித்தேன். கத்தரிச் செடியின் காய்ப்புழுவுக்குப் பிறகு தையல்காரம்மாவின் நூற்று எழுபத்தேழாம் பக்கம். தையல் அப்படியே கச்சிதமாக இருந்தது. வாங்கிக்கொண்டு கிளம்பும்போது அண்ணன் பின்னாலேயே வந்தார். "யாருனு சொல்லட்டா?"

"வேணாண்ணே, வேணாம்!"

"சரி, சொல்லல. ஆனா எல்லாருமா சேந்து அந்த வேலைக்காரப் பொண்ணப் போயி சந்தேகப்பட்டானுங்க பாரு, பாவம். வந்து சொன்னதுக்கு அவளுக்குக் கெடைச்ச மரியாதை அது. அவ இல்லபா."

கிரிவலப் பாதையில் திரும்பி வரும்போது புளியமர நிழலில் ஒரு இடத்தில் சைக்கிளை நிறுத்தினேன். பதினாறு பக்கமும் கையில் இருக்கிறது, சுற்றிலும் யாரும் இல்லை. பிரிக்கவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தேன். பிறகு ஏறினேன்.

சனிக்கிழமை மாலை சார் சொல்லி அனுப்பி, அச்சக முதலாளி வந்தார். பூங்காவனம் அக்காவும் வந்தார். சார் இரண்டு புத்தகங்களையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முதலாளிக்குக் காட்டினார். அச்சகக்காரர் அல்லவா, பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டார். "ஃபாரம் மாறிப்போச்சு" என்றார். "அவ்ளோதான சார், உடுங்க" என்றார்.

நான் அக்காவிடம் மெதுவாக, "தப்பு என்மேலதான்க்கா, மன்னிச்சுடுங்க" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். "இப்ப காதோட காதா சொல்றீங்களே தம்பி. அன்னிக்கு எல்லாரும் கேக்கத்தான கேட்டீங்க?"

சார் சாப்பிடப் போகும் நேரம் அது. டிபன் பாக்ஸ் கையில் இருந்தது. அதை மேஜையில் வைத்துவிட்டு, படிப்பவர்கள் பக்கம் திரும்பி, "எல்லாரும் ஒரு நிமிஷம் பேப்பரைக் கீழ வைங்க" என்றார். சார் குரல் அவ்வளவு உயர்ந்து அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை.

நான் நடுக் கூடத்தில் போய் நின்றேன். இந்த அக்கா புத்தகத்தைக் கிழிக்கவில்லை, பக்கத்தை எண்ணாமல் எண்ணினேன் என்று கையெழுத்துப் போட்டது நான், சார் கேட்டபோது பொய் சொன்னதும் நான், பக்கம் எங்கே போனது என்று கண்டுபிடித்தது இவர்தான் என்று சொன்னேன். கடைசி பெஞ்சில் இருந்த பெரியவர், "சத்தமா சொல்லுப்பா, கேக்கல" என்றார். மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

முதலாளி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சரி, அதான் முடிஞ்சுதே. வா பூங்காவனம், வேலை கெடக்குது" என்று வாசல் பக்கம் நடந்தார்.

அக்கா அசையவில்லை. கத்தரி சாகுபடிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் வெளிச்சமாக இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"இருங்க மொதலாளி. பதினாறு பக்கம்தான். படிச்சுட்டு வரேன்."

முதலாளி சாரைப் பார்த்தார். சார் அப்போதும் சாப்பிடப் போகவில்லை, ஜன்னலையும் பார்க்கவில்லை. எதிரே இருந்த நாற்காலியைக் கையால் காட்டினார். முதலாளி வந்து அதில் உட்கார்ந்தார்.

அக்கா அவசரப்படவில்லை. ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். ஓர் இடத்தில் சிரித்தார். கூடத்தில் ஒருவரும் பேப்பரை எடுக்கவில்லை. அவர் முடிக்கும்வரை முதலாளி கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். நாங்கள் எல்லாரும்தான் காத்திருந்தோம்.